பவர் எண்டா சக்தியோ? பௌதிகத்துக்கும் வியாபாரத்துக்கும் இங்கிலீஷ் சொல்லுப் படிக்கேக்க விடுற பிழையள்

அக்கான்ரை மோன் ஏ.எல் சோதினை எழுதிப்போட்டு றிசல்ஸ் வருமட்டும் வீட்டில நிக்கிறான். யாழ்ப்பாணக் கம்பஸில எஞ்சினியரிங் கிடைச்சா கிளிநொச்சி அறிவியல்நகருக்குப் போகோணும், அங்க லெக்சர் எல்லாம் இங்கிலீஷ், பதின்மூண்டு வருசம் தமிழில படிச்ச பிள்ளைக்கு வயித்தைக் கலக்காம வேற என்ன செய்யும். அதால ஒரு கொப்பி வாங்கி நடுவில கோடு கீறி, இஞ்சால இங்கிலீஷ் சொல்லு அங்கால தமிழ்க் கருத்து எண்டு நாளுக்கு முப்பது சொல்லுப் பாடமாக்கிறான். வாங்கிப் பாத்தன். நான் அவன்ரை வயசில வச்சிருந்த அதே கொப்பி, அதே கோடு, அதே பிழை.

நானும் பௌதிகம் தமிழிலதான் படிச்சனான், பிறகு தலைவிதி ஒரு கொம்பனியின்ரை கணக்குப் பக்கம் கொண்டுபோய் விட்டது. அங்க போனாப்பிறகுதான் பாத்தன், ரியூசனில பாடமாக்கின அதே சொல்லுகள் உடுப்பை மாத்திக்கொண்டு இங்கயும் குந்தியிருக்குதுகள். கோடு கீறின கொப்பியில ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துக்குத்தான் இடம் இருக்கு, பிரச்சினை அங்கதான் தொடங்குது.

கொப்பியின்ரை முதல் பக்கத்தில பவர், அதுக்கு நேர சக்தி. டிக்சனரியில அப்பிடியும் கிடக்கும்தான். ஆனா எங்கடை பௌதிகப் புத்தகத்தில சக்தி எண்டா எனர்ஜி, பவர் எண்டா வலு. ரெண்டும் ஒண்டில்லை, கரண்ட் பில்லை எடுத்துப் பாத்தா விளங்கும். அயன் பொக்ஸில 1000 வாற்ஸ் எண்டு அடிச்சிருக்கிறது வலு, செக்கனுக்கு எவ்வளவு சக்தியைத் தின்னும் எண்ட கணக்கு. பில்லில யுனிற் எண்டு வாறது சக்தி, கிலோவாற் மணித்தியாலம். அந்த அயனை ஒரு மணித்தியாலம் போட்டா 1 யுனிற், 10 வாற்ஸ் எல்.ஈ.டி பல்ப்பை 100 மணித்தியாலம் எரியவிட்டாலும் அதே 1 யுனிற்தான். ஊரெல்லாம் சொல்லுற பவர் கட்டில வாற பவர் ரெண்டுமில்லை, அது சும்மா மின்சாரம். ஒபிஸுக்குப் போனா பேச்சேசிங் பவர் எண்டுவினம், காசுக்கு இருக்கிற வாங்கிற பெலம். பார்கெயினிங் பவர் எண்டுவினம், பேரம் பேசேக்க ஆற்றை கை ஓங்கியிருக்கு எண்டது. இவ்வளவையும் சக்தி எண்ட ஒரு சொல்லுக்குள்ள அடைச்சா எப்பிடி?

தோட்டக்காரர் 2 பரிவலு மோட்டர் எண்டு சொல்லுவினமே, அந்த ஹோர்ஸ் பவர் எண்ட அளவை ஊர்வழிய பரப்பினதே வியாபாரம்தான். 18ஆம் நூற்றாண்டில ஜேம்ஸ் வாற் தன்ரை நீராவி இயந்திரத்தை விக்கோணும், வாங்கிற ஆக்களிட்டை அதுவரைக்கும் இருந்தது குதிரையள், அப்ப இந்த மிசின் எத்தினை குதிரையின்ரை வேலையைச் செய்யும் எண்டு சொன்னாத்தானே அவைக்கு விளங்கும். 1 பரிவலு கிட்டத்தட்ட 746 வாற்ஸ். பௌதிகமும் வியாபாரமும் ஒரே கிணத்தில தண்ணி அள்ளுறதுக்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம்.

அடுத்த பிழை இப்பத்தைப் பிள்ளையளின்ரை பிழை, எங்கடை காலத்தில இல்லை. யூரியூப். தமிழ்நாட்டுச் சேர்மார் வடிவாப் படிப்பிக்கினம், நானும் பாக்கிறனான், குறை சொல்லேல்லை. ஆனா அவையின்ரை நிறை வேற எங்கடை நிறை வேற. அங்க நிறை எண்டா மாஸ், எடை எண்டா வெயிற். எங்களுக்குத் திணிவு எண்டா மாஸ், நிறை எண்டா வெயிற். அங்க வேகம் ஸ்பீட், திசைவேகம் வெலோசிற்றி. இஞ்ச கதி ஸ்பீட், வேகம் வெலோசிற்றி. எங்கடை வலு அவைக்குத் திறன், எங்கடை சக்தி அவைக்கு ஆற்றல், அக்சிலறேசன் அவைக்கு முடுக்கம், எங்களுக்கு ஆர்முடுகல். பெடியன் பகல் ரியூசன் நோட்ஸைப் பாத்து எழுதி இரவு வீடியோவைப் பாத்து எழுதினா அந்தக் கொப்பியில மாஸுக்கு நேரயும் நிறை, வெயிற்றுக்கு நேரயும் நிறை. இவன்ரை கொப்பியில அப்பிடித்தான் இருந்தது, அவனே காணேல்லை.

இதுக்கு நான் கண்ட வழி, தமிழை எழுதமுதல் அலகை எழுதுறது. மாஸுக்குப் பக்கத்தில கிலோகிராம், வெயிற்றுக்குப் பக்கத்தில நியூட்டன். 50 கிலோ சீமெந்துப் பையின்ரை மாஸ் 50 கிலோகிராம், அதைப் பூமி இழுக்கிற வெயிற் கிட்டத்தட்ட 490 நியூட்டன். அலகு எந்த நாட்டுத் தமிழிலயும் மாறாது. ஆனா ஒண்டு, கடையில பால்மாப் பைக்கற்றைத் திருப்பிப் பாத்தா நெற் வெயிற் 400 கிராம் எண்டு அடிச்சிருப்பான். கிராமில வெயிற்! பௌதிகச் சேர் கண்டா சிவப்புப் பேனையால வெட்டுவார், வியாபாரத்தில அதுதான் சரி. எங்க நிண்டு கதைக்கிறம் எண்டதைப் பொறுத்தது.

பொருளியல் பக்கமும் இதே கூத்துத்தான். டிமாண்ட், சப்ளை ரெண்டும் எங்கடை புத்தகத்தில கேள்வி, நிரம்பல். தமிழ்நாட்டில தேவை, அளிப்பு. கேள்வியைத் திருப்பி இங்கிலீஷாக்கி, குவெஸ்சன் கூடினா விலை கூடும் எண்டு எழுதின ஒரு ஆளை எனக்குத் தெரியும், ஆள் ஆர் எண்டு கேக்காதேங்கோ.

நெற் எண்ட சொல்லிலயும் நான் விழுந்தனான். நெற் ஃபோர்ஸ் எண்டா எதிர்எதிரா இழுக்கிற விசையளைக் கழிச்சு மிஞ்சிறது, நெற் புரொபிற் எண்டா செலவெல்லாம் கழிச்சு மிஞ்சிற தேறிய இலாபம், கழிச்சு மிஞ்சிறதுதான் நெற் எண்டு மனசில வடிவாப் பதிச்சு வச்சிருந்தன். வேலைக்குச் சேந்த புதுசில ஒரு இன்வொய்ஸ் வந்தது, அடியில நெற் 30 எண்டு கிடந்தது, நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி 30 வீதம் கழிச்சுச் செக் எழுத வெளிக்கிட்டிட்டன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பாத்திட்டு, "தம்பி, உது 30 நாளுக்குள்ள முழுக் காசையும் கட்டு எண்டது" எண்டா. அண்டைக்கு அவ காணாட்டி என்ரை சம்பளத்தில கழிச்சிருப்பினம், அதுதான் எனக்கு வந்திருக்கக்கூடிய நெற்.

சரி, இனி கொஞ்சம் நிண்டு பாக்கவேண்டிய இடம். பௌதிகத்தில இருந்து வியாபாரத்துக்கு இரவல் போன சொல்லுகள். இது தற்செயலா நடந்ததில்லை. பணத்தின்ரை வெலோசிற்றி, அதாவது காசு எவ்வளவு கெதியாக் கைமாறுது எண்டதைப் பற்றிக் கதைச்ச பொருளியலாளர் இர்விங் ஃபிஷர், யேல் பல்கலைக்கழகத்தில கிப்ஸ் எண்ட பெரிய பௌதிகவியலாளரிட்டைப் படிச்சவர், 1891இல டொக்டர் பட்டம் எடுத்தவர். ஈக்குவிலிபிரியம், அதுதான் சமநிலை, மாதிரிச் சொல்லுகள் இயக்கவியலில இருந்துதான் பொருளியலுக்குள்ள வந்து இருந்தது. அதால பௌதிகம் படிச்ச பிள்ளை வணிக இங்கிலீஷைக் கண்டு பயப்பிடத் தேவையில்லை, ஆனா அப்பிடியே தூக்கிக்கொண்டு போனாலும் பிழைக்கும்.

லெவரேஜை எடுங்கோ. லெவர் எண்டா நெம்புகோல், எங்கடை ஆக்களுக்குத் துலாவைக் காட்டினாக் காணும். ஆடுகாலில நீட்டுத் துலாவைப் போட்டு ஒருத்தர் மேல ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழ நிக்கிறவர் பட்டையைப் பிடிச்சு இறைப்பார், நாலு அடி நடையில ஒரு பட்டை தண்ணி மேல வரும். காசில லெவரேஜ் எண்டா அந்தத் துலா கடன். கையில 2 லட்சம் இருக்கு, 8 லட்சம் கடன் எடுத்து 10 லட்சத்துக்கு வெங்காயம் வாங்கிப் போடுறியள் எண்டு வையுங்கோ. விலை 20 வீதம் கூடினா 12 லட்சம், வட்டியை விட்டுப் பாத்தா 2 லட்சம் போட்டு 2 லட்சம் லாபம், காசு இரட்டிச்சிட்டுது. விலை 20 வீதம் இறங்கினா 8 லட்சம், அது கடன்காரனுக்குத்தான் சரி, உங்கடை 2 லட்சம் கிணத்துக்குள்ள. துலாவில மிதிக்கிறவர் கால் தவறினா என்ன நடக்கும் எண்டு அப்பாச்சியைக் கேட்டா சொல்லுவா. லெவரேஜ் எண்டா வாய்ப்பு, அனுகூலம் எண்டு மட்டும் எழுதி வைக்கிற பிள்ளைக்கு இந்த ரெண்டாவது பக்கம் தெரியாமலே போயிடும். பிரிட்டிஷ் வழிக் கணக்கீட்டில இதையே கியரிங் எண்டும் சொல்லுவினம், அதுவும் மிசினில இருந்து வந்த சொல்லுத்தான். இப்ப ஒபிஸ் ஈமெயிலில யூஸ் எண்டு எழுதவேண்டிய இடமெல்லாம் லெவரேஜ் எண்டு எழுதிற ஒரு வருத்தம் பரவியிருக்கு, பழகிப்போடாதேங்கோ.

இலாஸ்ரிக் இன்னும் மோசம், அது தலைகீழாவே திரும்பும். பௌதிகத்தில உருக்கு றப்பரைவிட இலாஸ்ரிக் எண்டு சேர் சொல்லேக்க வகுப்பே சிரிக்கும், ஆனா உண்மை, இழுத்து உருவத்தை மாத்திறதுக்கு உருக்குக்குத்தான் கனக்க விசை வேணும். பொருளியலில டிமாண்ட் இலாஸ்ரிக் எண்டா விலை கொஞ்சம் அசைஞ்ச உடனை வாங்கிற அளவு கனக்க அசையும் எண்டு அர்த்தம். விலை 10 வீதம் கூட விற்பனை 20 வீதம் விழுந்தா இலாஸ்ரிக். நல்லூர்த் திருவிழா நேரம் ஐஸ்கிரீம் விலையை ஏத்தினா சனம் அடுத்த கடைக்குப் போயிடும், உப்பு விலை ஏறினா முணுமுணுத்துக்கொண்டு வாங்கும், உப்பு இன்னிலாஸ்ரிக். தமிழில முதலாவது மீள்தன்மை, மற்றது நெகிழ்ச்சி, எங்கடை மொழி பிரிச்சே வச்சிருக்கு, இங்கிலீஷ்தான் ஒரே சொல்லால ரெண்டு வேலை வாங்குது.

லிக்குவிட் எண்டதும் இப்பிடித்தான். பௌதிகத்தில திரவம், வியாபாரத்தில கெதியாக் காசாக்கக்கூடியது. ஊரில நாலு பரப்புக் காணி இருக்கும், பிள்ளைக்குக் கம்பஸ் காசு கட்டக் கையில ஒண்டும் இராது, அது லிக்குவிட் இல்லாத சொத்து. காப்பை அடைவு வச்சா அண்டைக்கே காசு, அது லிக்குவிட். லிக்குவிடிற்றி நல்ல விசயம். ஆனா கொம்பனி லிக்குவிடேசனுக்குப் போட்டுது எண்டா கொம்பனியை மூடுகினம் எண்டு கருத்து, காசு ஓடுது எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டிடாதேங்கோ.

டெபிற், கிரெடிற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். கணக்கீட்டில டெபிற் வரவு, கிரெடிற் செலவு எண்டு படிச்சிருப்பம். வங்கியில போய் 5000 போட்டா ஸ்ரேற்மென்றில கிரெடிற் எண்டு வரும். காசு எனக்கு வரவு, வங்கி ஏன் செலவு எண்டுது? ஏனெண்டா அது வங்கியின்ரை பக்கம் நிண்டு எழுதின கணக்கு. உங்கடை 5000 வங்கிக்குப் பொறுப்பு, எப்பவோ உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன், பொறுப்புக் கூடினா கிரெடிற். உங்கடை புத்தகத்தில அதே 5000 வங்கிக் கணக்கில டெபிற். பிளஸ் மைனஸ் எண்டு பாடமாக்கினவை எல்லாரும் இதில தடக்குப்படுவினம்.

சின்னச் சின்னனா இன்னும் கிடக்கு. மொமென்ற் திருப்பம், மொமென்ரம் உந்தம், வால் ஒண்டு கூடினாக் கருத்தே வேற. பிரின்சிபல் எண்டா பள்ளிக்கூடத்தில அதிபர், கடனில முதல், வில்லையில தலைமைக் குவியம், ஆனா ஆர்க்கிமிடிசின்ரை பிரின்சிபிள் வேற எழுத்து வேற சொல்லு. மில்லி எண்டா ஆயிரத்தில ஒண்டு, மில்லியன் எண்டா பத்து லட்சம், காதுக்கு அண்ணன் தம்பி மாதிரிக் கேக்கும். எம் எழுத்துச் சின்னன் எண்டா மீற்றரோ மில்லியோ, பெரிசு எண்டா மெகா, ஆனா வியாபாரப் பேப்பரில சின்ன எம்மைத் தொகைக்குப் பின்னால போட்டு மில்லியன் எண்டுவினம். ஃபிசிசிஸ்ற் பௌதிகவியலாளர், ஃபிசிசியன் டொக்டர். எக்குவிப்மென்றுக்கு எஸ் போடாதேங்கோ.

சொல்லைத் தனியப் பாடமாக்கிற ஆக்கள் வசனம் எழுதேக்க தமிழ் வினையை இழுத்துக்கொண்டு வருவினம். லாபம் எடுத்தம் எண்டு நாங்கள் சொல்லுறம், அதால ரேக் எ புரொபிற். இல்லை, மேக் எ புரொபிற். ஓடர் போடுறம், அதால புற் அன் ஓடர். இல்லை, பிளேஸ் அன் ஓடர். விலை தானா ஏறினா றைஸ் எண்டதின்ரை இறந்தகாலம் றோஸ், கொம்பனி ஏத்தினா றெய்ஸ்ட். பரிசோதனைக்குக் கொண்டக்ற், விசைக்கு அப்ளை. ஒரு சொல்லு ஆரோடை கூடித் திரியுது எண்டதையும் சேத்து எழுதினாத்தான் எழுத வெளிக்கிடேக்க கை தானா வரும்.

அவன்ரை நடுக்கோட்டை அழிச்சுப்போட்டு பலன்ஸ் எண்ட சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம் விடச் சொன்னன். மேல பள்ளிக்கூட லாப் தராசு, ரெண்டு தட்டிலயும் திணிவை ஒப்பிடுறது. அதுக்குக் கீழ மீன்கடை விற்றராசு, ஸ்பிரிங் பலன்ஸ், அது இழுவையைத்தான் அளக்குது, சந்திரனுக்குக் கொண்டுபோனா ஆறில ஒரு பங்குதான் காட்டும், லாப் தராசு அங்கயும் மாறாது. பிறகு பலன்ஸ் சீற், ஐந்தொகை, சொத்து ஒரு பக்கம், பொறுப்பும் உரிமையாளற்றை பங்கும் மற்றப் பக்கம், ரெண்டும் சமப்படோணும். பிறகு பாங்க் பலன்ஸ், மீதி. கடைசியா பஸ்ஸில நாங்கள் கேக்கிற பலன்ஸ், மிச்சக்காசு, அதுக்கு வெளிநாட்டில சேஞ்ச் எண்டு சொன்னாத்தான் விளங்கும் எண்டு சொல்லிக் குடுத்தன்.

நேற்றுப் பாத்தன், அந்தப் பக்கத்தின்ரை அடியில அவன்ரை கையெழுத்தில ஒரு வரி. சேஞ்ச், அலகு ரூபா, கொண்டக்டர் தராமப் போனது 20.