காப்புரிமைக் கடிதம் வந்தபின் செய்யக்கூடாதவை

4ஜி, 5ஜி வசதியோடு எந்தக் கருவியைத் தயாரித்தாலும் எரிக்சன், நோக்கியா, குவால்காம் போன்ற நிறுவனங்களின் காப்புரிமைகளைத் தவிர்க்க வழியில்லை. கருவிகள் எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் தரநிலையே அவற்றைக் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பதிலுக்கு, நியாயமான, பாரபட்சமற்ற கட்டணத்தில் உரிமம் தருவதாக ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சியிடம் அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். துறையில் இதற்கு 'ஃபிராண்ட்' என்று பெயர்.

வாக்குத்தான் இருக்கிறதே என்று, உரிமம் பெறச் சொல்லிக் காப்புரிமை உரிமையாளரிடமிருந்து வந்த கடிதத்தைக் கிணற்றில் போட்ட கல்லாக விடுவதுதான் முதல் தவறு. ஹுவாவே–இசட்டிஇ வழக்கில் 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் இருவருக்கும் படிகளை வகுத்தது. எந்தக் காப்புரிமை, எவ்விதம் மீறப்படுகிறது என்று உரிமையாளர் சொல்ல வேண்டும். உரிமம் பெற விருப்பம் என்று தயாரிப்பாளர் எழுத வேண்டும். அதன்பின் உரிமையாளர் கட்டணத்தையும் அதைக் கணக்கிட்ட முறையையும் எழுத்தில் தர வேண்டும். தொகை கட்டுப்படியாகாவிட்டால் தயாரிப்பாளர் தன் எதிர்த்தொகையைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். அதுவும் ஏற்கப்படாவிட்டால் கட்டணத்துக்கு ஈடாகப் பிணை கட்ட வேண்டும்.

பதில் எழுதியும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. "மீறல் நீதிமன்றத்தில் நிரூபணமானால் உரிமம் பெறுகிறோம்" என்பது விருப்பமே ஆகாது என்று சிஸ்வெல்–ஹையர் வழக்கில் 2020இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஃபிராண்ட் விதிகளில் உரிமம் பெறுகிறோம், காப்புரிமையின் செல்லுபடியை எதிர்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று எழுதினால் விருப்பம், எதிர்க்கும் உரிமை இரண்டும் காப்பாற்றப்படும். பேச்சுவார்த்தைத் தகவல்களை வெளியிடுவதில்லை என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாதக்கணக்கில் இழுப்பதும் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

இழுத்தடித்தால் பழைய பாக்கி காலாவதியாகும் என்று எண்ண வேண்டாம். காப்புரிமை உரிமையாளரான இன்டர்டிஜிட்டல் தொடுத்த வழக்கில் லெனோவா தர முன்வந்தது 8 கோடி டாலர். லண்டன் உயர் நீதிமன்றம் 2023இல் 13.87 கோடி என்றது. மேல்முறையீட்டில், 2024இல், அது வட்டியோடு 24.02 கோடியானது. 2007 முதல் விற்ற கருவிகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இந்தியாவிலும் நிலைமை மாறிவிட்டது. நோக்கியா–ஓப்போ வழக்கில், விசாரணை முடியுமுன்பே பணத்தை டெபாசிட் செய்ய டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. எரிக்சனுக்கு லாவா 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அடுத்த ஆண்டே தீர்ப்பு வந்தது.

சிப் விலையிலேயே உரிமம் அடங்கிவிட்டது என்ற நம்பிக்கையும் ஆபத்து. குவால்காம் சிப்பைத் தனியாகவும் உரிமத்தைத் தனியாகவும் விற்கிறது. கொள்முதல் ஒப்பந்தத்தில் யாருடைய காப்புரிமைக்கு யார் பொறுப்பு என்ற பிரிவைப் படியுங்கள்.

அதேசமயம் கேட்ட தொகையை அப்படியே கொடுப்பதும் தவறே. எட்சியிடம் அறிவிக்கப்பட்ட காப்புரிமைகள் உண்மையில் தரநிலைக்கு இன்றியமையாதவையா என்று எட்சி சரிபார்ப்பதில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காமல், காப்புரிமையின் ஒவ்வொரு கூறும் தரநிலையின் எந்தப் பிரிவோடு பொருந்துகிறது என்ற அட்டவணையைக் கேளுங்கள். மோட்டரோலா, பொருளின் விலையில் 2.25 சதவீதம் கேட்டு மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதியது. சியாட்டில் நீதிமன்றம் 2013இல் நிர்ணயித்ததோ ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர்தான். எதிர்த்தொகை எழுத நாடுவாரியாக, மாடல்வாரியாக விற்பனைக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கடிதம் வந்த அன்றே அதைத் தொகுக்கத் தொடங்குங்கள்.