கடற்பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடற்பறவை பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள், கடலைப் பார்ப்பதில்லை. ஏமாற்றத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. காட்டில் பழகிய விடியற்காலை வழக்கத்தை அப்படியே கடற்கரைக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகளின் பொழுதைத் தீர்மானிப்பது சூரியனைவிட ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. நீர் வற்றியிருக்கும்போது அவை சேற்றுவெளி எங்கும் சிதறி வெறும் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏற ஏற இரை தேடும் இடம் சுருங்கி, கரைப்பக்கம் நெருங்கி வரும். எனவே உச்ச ஓதத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பே, வெயில் முதுகில் விழும்படி இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவது நல்லது. பெரும்பாலான கரைகளில் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் யாரோ சொன்ன நேரம் இந்த வாரம் உதவாது. ஓத நேர அட்டவணை பார்க்காமல் மணல்திட்டுக்கு நடந்து போனால், பறவை கிடக்கட்டும், திரும்பும் வழியே மூழ்கிவிடலாம்.

ஆழ்கடல் பறவைகளின் கணக்கு வேறு. ஷீர்வாட்டர், பெட்ரல் போன்றவை இனப்பெருக்கத்துக்கு மட்டுமே கரையேறுபவை. கடலிலிருந்து கரை நோக்கிப் பலத்த காற்று வீசும் நாட்களில்தான் அவை கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு ஒதுங்குகின்றன. வெயிலும் அமைதியுமான நாள் உலாவுவதற்கு நல்லது. இவற்றைப் பார்க்க உதவாது. அதற்காகப் புயல் எச்சரிக்கையின்போது படகேற வேண்டாம். படகில் 10 மடங்கு பைனாகுலரைவிட 8 மடங்கே மேல். ஆட்டம் குறைவாகத் தெரியும். முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி அங்கே வெறும் சுமை. குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

அடுத்தது, கண்டவுடன் ‘அபூர்வம்’ என்று அறிவிக்கும் அவசரம். பெரிய கடற்காகங்கள் முதிர்ந்த இறகுநிறம் பெறச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆண்டுக்கொரு தோற்றம். வலசை வரும் உள்ளான்கள் பலவும் இனப்பெருக்க நிறத்தை இழந்து ஒரே சாம்பலாக நிற்கும். சேறு அப்பிய காலின் நிறத்தை நம்பவே கூடாது. வெறும் கடல்வெளியில், பக்கத்தில் ஒப்பிட இன்னொரு பறவை இல்லாதபோது, உருவ அளவும் ஏமாற்றும். வழக்கமான பறவைகள் ஒவ்வொன்றாகப் பொருந்தாமல் போன பிறகுதான் அபூர்வத்தை யோசிக்க வேண்டும்.

எனக்குப் பொறுக்காத தவறு, ஒரு நல்ல படத்துக்காக ஓய்வெடுக்கும் கூட்டத்தை எழுப்பிவிடுவது. 2022இல் ஓர் இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அந்தப் பயணத்துக்கான எரிபொருள், சேற்றில் கொத்தித் தின்று உடலில் சேர்த்த கொழுப்புதான். நாம் பறக்கடிக்கும் ஒவ்வொரு முறையும் அது வீணாகக் கரைகிறது. பறவைகள் தலை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினால், அதுவே நாம் நிற்க வேண்டிய எல்லை. ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிடும் என்பதால் அந்தப் பருவத்தில் காலடியும் ஆபத்து. கரையொதுங்கிய பறவையை, உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும், வெறுங்கையால் தொடக்கூடாது. பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளையும் கொன்றுவருகிறது.

பறவையின் காலில், அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணக்கொடி தெரிந்தால், நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும்போதுதான் இடக்கால் வலக்காலாகிவிடுகிறது.