ட்ரம்பெட் ஊதிப் பிழைக்க நினைப்பவருக்கு

நாகர்கோவில் பக்கம் இரட்சணிய சேனைப் பேண்டில் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியே, கொஞ்சம் கட்டையான வாத்தியம்) பிடித்துத் தொடங்கியவன் நான். இப்போது கல்யாணங்களில் வாசிக்கிறேன், இரண்டு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர், மாலையில் வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ‘இதில் சோறு கிடைக்குமா சார்?’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைத்தான் காட்டுவேன்.

தையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் நெருக்கும். ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஓட வேண்டியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணமும் அநேகமாக நின்றுவிடும். டிசம்பரில் கேரல் ரவுண்டு உண்டு, ஆனால் அதில் பாதி சபைக்காகச் சும்மா வாசிப்பது. இந்த ஓட்டைகளை அடைப்பது பாடம் சொல்லித்தருகிற வருமானம்தான். பள்ளிக்கூடங்கள் ஜூனில் திறந்ததும் ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆள் தேடும். நீங்கள் மே மாதமே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

மாதச் சம்பளம் வேண்டுமென்றால் போலீஸ் பேண்டு, ராணுவப் பேண்டு. ராணுவத்தில் சேர்ந்தால் மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப் பள்ளியில் பயிற்சி கிடைக்கும். வயது வரம்பு கடப்பதற்குள் முயற்சி செய்துவிட வேண்டும். நான் செய்யவில்லை.

வாத்தியம் வாங்கும்போது சுருதி சரியா என்று காட்டும் ட்யூனரைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு சுரமாக ஊதிப் பாருங்கள். பேண்டு வாத்தியம் செய்வதற்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜாலி கோட்டியில் செய்து வருகிற ட்ரம்பெட் ஊர்வலத்துக்குத் தாங்கும். ரெக்கார்டிங் ஆசை இருந்தால் சுருதி நிற்கிற பழைய யமஹா ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சுரம் மாற்ற விரலால் அழுத்துகிற மூன்று வால்வுகளுக்கு விடும் எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இருபது வயதில் நான் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகியிருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் அது வேலை செய்தது. ஒரு ஜனவரியில் கோத்தகிரியில் கல்யாணம், காலை ஆறரை மணி. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. அழுத்திய இரண்டாவது வால்வு அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார், நான் ட்ரம்பெட்டை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைய சம்பளத்தில் பாதிதான் வந்தது. கேட்கவும் வாய் வரவில்லை.

கேள்வி ஞானம் கல்யாண வீட்டுக்குப் போதும். ரெக்கார்டிங்கில் இசைக்குறிப்பு எழுதிய தாளை முன்னால் வைத்ததும் வாசிக்க வேண்டும். ட்ரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம்: தாளில் ஸி என்ற சுரம் இருந்து அதை ஊதினால் வெளியே கேட்பது ஒரு முழுச்சுரம் கீழே இருக்கிற பி ஃபிளாட். அதனால் பாடகருக்கு எழுதிய தாளை நீட்டினால், கண் ஸியைப் பார்க்கும்போது விரல் டி பிடிக்க வேண்டும். இதற்கு நான் செய்தது சுலபமான வேலை. ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) போட்ட ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தினம் ஒரு பாட்டை ஒரு முழுச்சுரம் ஏற்றி வாசித்தேன். ஒரு வருடத்தில் கை பழகிவிட்டது.

பெற்றோர் கேட்பது சான்றிதழ். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் கிரேடு 8 வரை உண்டு. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். அதற்கு மேல் ஏடிசிஎல், எல்டிசிஎல் டிப்ளமோக்கள். வாசலில் போர்டு மாட்டுவதற்கு முன் நீங்கள் கிரேடு 8 முடித்திருப்பது நல்லது.

சரி, பிள்ளை வந்துவிட்டான். முன்பல் விழுந்திருந்தால் முளைக்கும் வரை திருப்பி அனுப்புங்கள். முதல் வாரம் வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் மட்டும். உதடு அதிர்ந்து வண்டு மாதிரிச் சத்தம் வரட்டும். பிறகு பியூகிள். அதில் வால்வே கிடையாது, ப ஸ க ப ஸ என்று உதட்டாலேயே ஏறி இறங்க வேண்டும். ட்ரம்பெட் கொடுத்த மறுநாளே ‘சார், காத்தே போகமாட்டேங்குது’ என்று நிற்பான். வால்வுகளைக் கழற்றிக் கழுவி மாற்றிப் போட்டிருப்பான். 1, 2, 3 என்று அவற்றில் பொறித்திருப்பதைக் காட்டுங்கள். ஒன்று என்பது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற குழாயில் போக வேண்டும்.

ஃபீஸை மாதக் கணக்கில், முதல் வாரத்திலேயே வாங்குங்கள். வகுப்புக் கணக்கில் வாங்கிய காலத்தில் ‘ரெண்டு கிளாஸ்தானே வந்தான், பாதி தர்றேன்’ என்று சொல்லாத அப்பா இல்லை.

நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஊதிக் காட்டினால் உங்கள் உதடு வளராது, தேயும். நான் விடியற்காலையில் சத்தத்தை அடக்கும் மியூட்டை ட்ரம்பெட் வாயில் செருகி லாங் நோட் (ஒரே சுரத்தை நீளமாகப் பிடிப்பது) ஊதுவேன், பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் ஓய்வு. மியூட் இல்லாத காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துகிற சத்தம்தான் எனக்குத் தாளம்.

துக்க வீட்டு அழைப்பு நடுராத்திரியில்கூட வரும். அங்கே பேரம் பேசாதீர்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டு, மூச்சு நிறைய வேண்டும், பிசகினால் எல்லாருக்கும் கேட்கும். இப்போது என்னிடம் படிக்கிற இரண்டு பேர், தாத்தாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் நான் வாசித்ததைக் கேட்டு மறுவாரம் அம்மாவோடு வந்து நின்றவர்கள்.