கவுன்சிலர்களுக்கும் அட்மிஷன் அலுவலர்களுக்கும் தலைமைப் பயிற்சி: எங்கே சறுக்குகிறது?

அமெரிக்கப் பள்ளிகளில் படிப்பு, கல்லூரி பற்றி மாணவருக்கு வழிகாட்டும் ஆலோசகர்தான் கவுன்சிலர். அவருக்குக் கீழே பெரும்பாலும் ஆளும் கிடையாது, சொந்தமாக பட்ஜெட்டும் கிடையாது. அவரை உட்காரவைத்து ‘குழுவை ஊக்குவிப்பது எப்படி’ என்று இரண்டு நாள் வகுப்பெடுப்பதுதான் முதல் தவறு. அது மேலாளருக்கான பாடம். பதவி இல்லாமலே காரியம் சாதிப்பதுதான் இவர் கற்க வேண்டியது.

அதற்கு நேரக் கணக்கை விட்டால் வேறு நல்ல கருவி இல்லை. பயிற்சிக்கு முன் இரண்டு வாரம், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று குறித்துவரச் சொல்லுங்கள். மாணவரோடு நேரடியாக, மாணவருக்காகப் பெற்றோர் ஆசிரியரோடு, திட்டமிடல், மற்றவை என நான்கு நிறம் போதும். முதல் இரண்டும் சேர்ந்து 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. ‘வேலைப்பளு தாங்கவில்லை’ என்றால் பிரின்சிபால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘தேர்வு ஒருங்கிணைப்புக்கு 14 மணி நேரம் போயிற்று, அதை வேறொருவர் பார்த்தால் 28 மாணவர்களுக்கு ஆளுக்கு அரை மணி கிடைக்கும்’ என்றால் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டு நிமிடப் பேச்சை, ‘முடியாது’ என்று மறுக்கும் ஒருவரை எதிரே வைத்துப் பழக வேண்டும்.

பழைய ஸ்லைடுகள் அடுத்த தலைவலி. மாணவர்கள் கல்லூரியை உறுதிசெய்யும் வழக்கமான கடைசி நாளான மே 1-க்குப் பிறகு, வேறு கல்லூரியை உறுதிசெய்த மாணவரை இழுக்கக் கூடாது என்ற விதி இன்னும் சில பாடங்களில் வருகிறது. அமெரிக்க நீதி அமைச்சகத்தின் போட்டிச் சட்ட (போட்டியாளர்கள் கூடிப்பேசிப் போட்டியைக் குறைப்பதைத் தடுக்கும் சட்டம்) விசாரணையை அடுத்து, தேசிய அட்மிஷன் ஆலோசனைச் சங்கம் 2019-லேயே அதை நீக்கிவிட்டது. அதே காரணத்துக்காக, போட்டிக் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலர்களை ஒரே மேஜையில் வைத்து அடுத்த ஆண்டு உதவித்தொகைத் திட்டத்தை அலசவிடாதீர்கள்.

உண்மையான மாணவர் கோப்பைப் பயிற்சிக்கு எடுத்து, பெயரை மட்டும் அடித்துவிட்டால் போதாது. ‘பள்ளியின் ஒரே பெண் மல்யுத்த வீராங்கனை’ என்ற வரி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். கோப்பைக் கற்பனையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

கவுன்சிலர், அட்மிஷன் அலுவலர் என இரு தரப்பையும் ஒரே அறையில் வைத்துப் பொதுவாகப் பேசவிட்டால் மரியாதைப் பேச்சோடு முடிந்துவிடும். அட்மிஷன் அலுவலருக்குச் சேர்க்கை எண்ணிக்கை, கவுன்சிலருக்கு மாணவரின் நலன். கவலை வேறு வேறு. இருவருக்கும் பொதுவான இழப்பைக் கையில் கொடுங்கள்: இடம் உறுதிசெய்த பிறகும் வகுப்புக்கு வராமல் போகும் மாணவர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு கோடு போட்டு, நிதியுதவிச் சரிபார்ப்பு, தடுப்பூசிப் படிவம், விடுதி முன்பணம் ஆகியவற்றின் கடைசித் தேதிகளைக் குறித்து, ஒவ்வொன்றின் கீழும் மாணவருக்கு போன் செய்யப்போகிறவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் பெரும்பாலும் வெற்றிடம்தான்: பள்ளி மூடியாயிற்று, பல கவுன்சிலர்களின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது, கல்லூரியோ அனுப்பிய மின்னஞ்சலை மாணவர் படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பெயர் நிரம்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.