வில்லி நெல்சனின் கிறிஸ்துமஸ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி?

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சனின், 1979இல் வெளிவந்த 'பிரிட்டி பேப்பர்' ஆல்பத்தை விருந்துக் கூச்சலுக்கு நடுவே ஓடவிடாதீர்கள், வீணாகிவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலைப்புப் பாடலில் தொடங்குங்கள். தெருவோரம் பரிசு சுற்றும் காகிதம் விற்கும் ஒருவரைக் கண்டுகொள்ளாமல் விரையும் கூட்டத்தைப் பற்றியது அது. நெல்சன் எழுதிய அந்தப் பாடலை 1963இலேயே அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாடியிருக்கிறார். அந்தப் பதிவையும் கையோடு கேட்டுவிடுங்கள். ஆர்பிசன் உருகுவார், நெல்சனோ பேச்சுவாக்கில், தாளத்தை முந்தியும் பிந்தியும் சொல்லிக்கொண்டு போவார். என் ஓட்டு நெல்சனுக்குத்தான்.

மறுமுறை குரலை விட்டுவிட்டு வாத்தியங்களைப் பின்தொடருங்கள். நைலான் தந்திக் கிதார் நெல்சனுடையது. பியானோ அவருடைய அக்கா பாபி. மிக்கி ராஃபேலின் ஹார்மோனிகா, நெல்சன் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து நுழையும். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஊறியவர். அவசரப்பட்டு எதையும் தாண்டிவிடாதீர்கள்.