கொலு வைக்கிறீர்களா? ஆறாம் நாளையும் யோசியுங்கள்

ஒரு வீட்டுக் கொலு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆறாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். முதல் நாள் எல்லா வீட்டுக் கொலுவும் அழகுதான். ஆறாம் நாளில் படிக்குக் கீழே போட்ட பூங்காவில் முளைத்த கடுகு மஞ்சளடித்துச் சாய்ந்திருக்கும். படியில் விரித்த வேட்டி தொய்ந்து, வாமனர் பரசுராமர் தோளில் தலை வைத்திருப்பார். சுண்டல் கிண்டிக் கிண்டிச் சலித்த முகத்தில் "இன்னும் மூணு நாள் இருக்கா?" என்று எழுதி ஒட்டியிருக்கும்.

நான் பார்த்தவரை கொலுவில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் பிறக்கின்றன. மகாளய அமாவாசை ராத்திரி பத்து மணிக்கு, மறுநாள் எடுக்கப்போகும் போட்டோவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அடுக்குகிறோம். ஆனால் இது ஒன்பது நாள் நிற்க வேண்டும். பிறகு இறங்கி, பதினோரு மாதத்துக்கு மேல் பரணில் சேதமில்லாமல் கிடக்க வேண்டும்.

பருவம் வேறு நமக்குச் சாதகமில்லை. வடமொழிக் கணக்கில் இது சரத் ருது. சாரதா நவராத்திரி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். வடக்கே மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் சமயம். நம் பெரும்பொழுதுக் கணக்கிலோ ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அதாவது வடக்கே காயும்போது நமக்கு நனையத் தொடங்குகிறது. மண் பொம்மைக்கும் தேங்காய் போட்ட சுண்டலுக்கும் இந்த ஈரப் புழுக்கம்தான் முதல் எதிரி.

படிகள்

மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டில் ஒன்பது என்பதற்காக இரண்டடி அகலக் கூடத்து மூலையில் ஒன்பது படி ஏற்றுவதுதான் தவறு. படி குறுகும், பொம்மைகள் விளிம்பில் நிற்கும். படியின் அகலம் பொம்மையின் அடிப்பாகத்தைவிட நான்கு விரலாவது கூடுதலாக இருக்கட்டும். மூன்று படி நிறைவாக இருந்தால் அது குறையே இல்லை.

இரும்புப் படி வாங்கியவர்கள் போல்ட்டை ஒருமுறை ஸ்பானரால் முறுக்கிவிட்டுத் துணி போடுங்கள்; துணி போட்டபின் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெட்டி, ஸ்டூல், புத்தகக் கட்டு என்று வீட்டில் இருப்பதை வைத்தே படி கட்டுபவர்கள், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாம் படிக்குள் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் தவித்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

துணியை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு படியின் மூலையிலும் குண்டூசி குத்த வேண்டும். கனமான பொம்மையை அழகாக இருக்கிறது என்று மேல்படியின் நடுவில் ஏற்றாதீர்கள். தரையில் பக்கவாட்டில் ஒரு மணை போட்டு வைத்தால் போதும். அடுக்கும்போது மேலிருந்து கீழே வாருங்கள். கீழ்ப்படியை முதலில் நிரப்பினால், மேல்படிக்குக் கை நீட்டும்போது சட்டை நுனி பட்டே இரண்டு பொம்மை போகும்.

எது எந்தப் படியில் என்று சண்டை போடுவதும் வீண்வேலை. கீழே புல், செடி. மேலே போகப்போக சங்கு, எறும்பு, நண்டு, விலங்கு, மனிதர், மகான்கள், உச்சியில் தெய்வமும் கலசமும் என்பது ஒரு வரிசை. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியலோடு இது பொருந்திப்போகிறது. ஆனால் செட்டியாரையும் அவர் மளிகைக் கடையையும் கீழ்ப்படியில் வைக்கும் வீடுகளும் உண்டு, மரப்பாச்சித் தம்பதியை மேலே கலசத்துக்குப் பக்கத்தில் வைக்கும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது சரி. தசாவதாரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: கலப்பை வைத்திருப்பவர் பலராமர், மழு வைத்திருப்பவர் பரசுராமர். முக்கால்வாசி வீடுகளில் இவர்கள் இருவரும் இடம் மாறித்தான் நிற்கிறார்கள்.

பொம்மையைத் தொடும் கை

பாட்டி காலத்துப் பண்ருட்டிச் செட்டியாரின் மீசையை ஈரத்துணியால் துடைத்து அழித்தவன் நான். பன்னிரண்டு வயதில் செய்தது, இன்றும் அந்தச் செட்டியார் மீசையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். பழைய மண் பொம்மைகளின் வண்ணம் தண்ணீர் பட்டால் கரையும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம் இன்னும் ஆகாது, ஊறி உப்பிவிடும்.

மங்கிய பொம்மைக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுகிறவர்கள் பளபளக்கும் எனாமலை எடுத்து முகம் முழுக்கத் தீட்டிவிடுகிறார்கள். கண் எழுதுவது தனி வித்தை. உடையில் உதிர்ந்த இடத்தை அக்ரிலிக் வண்ணத்தால் ஒற்றி எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். மங்கிய முகத்துக்கு ஒரு அழகு உண்டு, தவறாக எழுதிய கண்ணுக்குக் கிடையாது.

புதுப் பொம்மை வாங்கக் கடைசி நாள் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போவதை என்னவென்று சொல்ல! கூட்டத்தில் எல்லாப் பொம்மையும் முழுசாகத்தான் தெரியும். இரண்டு வாரம் முன்னால் போங்கள். கையில் எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள், விரலால் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட மண் கணீரென்று சொல்லும், விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக விழும். மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. செய்கிறவர் கையிலிருந்தே வாங்கலாம்.

பூங்கா, குளம், விளக்கு

குழந்தைகளுக்குக் கொலு என்றால் கீழே போடும் பூங்காதான். முதல் நாள் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே கடுகு விதைத்துவிடுகிறோம். அது மூன்று நாளில் முளைத்து, கொலு தொடங்கும்போதே வளர்ந்து, நடுவில் சாய்கிறது. இரண்டு தட்டில் விதைப்பதுதான் வழி: ஒன்று கொலுவுக்கு நான்கு நாள் முன்னால், இன்னொன்று கொலு தொடங்கும் அன்று. ஐந்தாம் நாள் தட்டை மாற்றினால் சரஸ்வதி பூஜை வரை பச்சை. கேழ்வரகும் வெந்தயமும்கூட நன்றாக வரும். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். வழிந்து கீழ்ப்படி பொம்மையின் அடியை நனைப்பது இங்கிருந்துதான்.

தெப்பக்குளம் வைக்கும் வீடுகளில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் அந்த முட்டை கொசுவாகிப் பறக்க ஏழெட்டு முதல் பத்து நாள் போதும். கொலுவும் கிட்டத்தட்ட அத்தனை நாள். குளத்துத் தண்ணீரைத் தினமும் கொட்டித் தட்டைத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்துச் சுற்றி மணல் போடுங்கள். வாத்துப் பொம்மைக்கு வித்தியாசம் தெரியாது.

பின்திரைக்குப் பாலியஸ்டர் புடவையைத் தொங்கவிட்டு, அதை ஒட்டியே குத்துவிளக்கு ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். திரைக்குப் பருத்தி போதும். அதையும் விளக்கிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளியே வையுங்கள். புழுக்கம் தாங்காமல் வந்தவர்களுக்காக ஃபேன் போடும்போது சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சீரியல் செட், ஃபோகஸ் லைட், டேபிள் ஃபேன் என்று எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போகும்போது விளக்கை மலையேற்றிவிட்டுப் போங்கள்.

சுண்டல்

சுண்டலில் நடக்கும் பிழைக்குத் தனிப் புத்தகமே போடலாம். கடைக்குப் போய் இருக்கிற பயறையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறோம். எந்த நாளுக்கு எது என்று எழுதி வைப்பதில்லை. காலையில் எழுந்து "ஐயோ, ஊறப்போடலையே" என்று வெந்நீரில் கொட்டுகிறோம். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஆனால் புரட்டாசிப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நுரைத்து வாடை வரும். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். ஊறவைக்கும் தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் மெத்தென்று வேகும். உப்புப் போட்டால் வேகாது என்று பலர் சொல்வது உண்மையில்லை. வேகவிடாமல் தடுப்பவை புளிப்பும் வெல்லமும்தான். காராமணி இனிப்புச் சுண்டலில் பயறு முழுசாக வெந்த பிறகே வெல்லம் சேர வேண்டும். முந்தினால் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் கடிபடும். அவசரத்துக்குச் சோடா உப்பு போடுகிறவர்களுக்கு: தோல் கழன்று, வாயில் சோப்பு வாடை அடிக்கும்.

பயத்தம்பருப்புக்கு அரைமணி ஊறல், திறந்த பாத்திரம், பக்கத்திலேயே நிற்கும் ஆள், மூன்றும் தேவை. குக்கரில் ஏறினால் அது பொங்கலாகத்தான் இறங்கும்.

ராஜ்மாவில் சுண்டல் செய்வது இப்போது பரவியிருக்கிறது. செய்யலாம், ஆனால் அரைவேக்காடு கூடவே கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் வரும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். குக்கரானால் நன்றாக மசியும்வரை விசில் விடுங்கள். லேசான சூட்டில் மெதுவாக வேகவைப்பது ஆபத்தை இன்னும் கூட்டும்.

தேங்காய்த் துருவலையும் எலுமிச்சையையும் அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். அடுப்பிலிருக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் கசக்கும். மத்தியானம் மூன்று மணிக்கே தேங்காய் போட்டு, சூட்டோடு டப்பாவில் மூடி, ஏழு மணிக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தால் முதல் வாயிலேயே ஊசல் தெரியும். தாளித்துத் தனியாக வைத்து, ஆள் வரவர தேங்காய் கலந்துகொள்ளலாம். அளவு தெரியாமல் கிலோக் கணக்கில் போடவும் வேண்டாம். கால் கிலோ கொண்டைக்கடலை வெந்தால் ஏறக்குறைய அரை கிலோ. பத்துத் தொன்னைக்குத் தாராளம். தொன்னை என்று சும்மா சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்கும் கைப்பைக்கும் தடை இருக்கிறது.

ஒன்பது நாளும் சுண்டல்தான் என்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு, சனிக்கிழமை எள்ளுருண்டை என்று நடுவில் வந்தால் செய்கிற கைக்கும் ஓய்வு, சாப்பிடுகிற வாய்க்கும் மாற்றம்.

யாரைக் கூப்பிடுகிறோம்

கணவரை இழந்தவர்களைக் கூப்பிடாமல் விடுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அபார்ட்மென்ட்டில் எல்லாக் கதவையும் தட்டிக் குங்குமச் சிமிழை நீட்டிவிட்டு, ஒரு கதவை மட்டும் ஓசைப்படாமல் தாண்டிப் போகிறோம். உள்ளே இருப்பவருக்கு அந்தக் காலடி கேட்கும். இதை வழக்கம் என்று சொல்லி நான் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை. போய், "மாமி, சாயங்காலம் கொலு பார்க்க வாங்க, ஒரு பாட்டுப் பாடணும்" என்று கூப்பிடுங்கள். அநேகமாக அந்தத் தளத்திலேயே அதிகப் பாட்டுத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சமையலறை வாசலில் சுண்டலைக் கொடுத்து அனுப்புவதும் இதே ரகம்தான். பொம்மைகளைத் தட்டித் துடைத்ததில் பாதி அவர் கை. முன்னால் உட்காரவைத்துத் தாம்பூலம் கொடுங்கள்.

தாம்பூலப் பைக்குள் போகும் ரவிக்கைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் நீங்கள் கொடுத்த கிளிப்பச்சைத் துணி நாலு வீடு சுற்றி இந்த வருஷம் உங்களிடமே திரும்பி வந்திருக்கும். ஒரு செடிக்கன்றோ, அரைப்படி பயறோ வைத்தால் அது சுற்றாது. வெற்றிலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மறுநாளே அழுகும். ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

இறக்கும் நாள்

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஆரத்தி எடுப்போம். மறுநாள் அலுவலகம், பள்ளிக்கூடம். அதனால் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றும். ஒரு வருஷத்துச் சேதம் முழுக்க அந்த இரண்டு மணி நேர அவசரத்தில்தான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்கும். ஈரம் ஏறிய பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் போட்டால், அந்த ஈரம் உள்ளேயே நின்று வண்ணத்தை உரிக்கும்.

அரைநாள் நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், வண்ணம் வெடிக்கும். முதல் சுற்றுக்குப் பழைய வேட்டித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள். தாளை நேராகச் சுற்றினால் புழுக்கத்தில் மை ஒட்டி, லட்சுமியின் கன்னத்தில் தங்கம் விலை அச்சாகிவிடும். வில், குடை, புல்லாங்குழல் போன்ற உதிரிகளைப் பொட்டலம் கட்டி அந்தந்தப் பொம்மையோடு சேர்த்துக் கட்டுங்கள். செட்டைப் பிரிக்காதீர்கள், கல்யாண செட் நாதஸ்வரக்காரர் கிரிக்கெட் செட் பெட்டிக்குள் போனால் அடுத்த புரட்டாசியில் மாப்பிள்ளை மேளமில்லாமல்தான் நிற்பார். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் உள்ளேயும் ஒரு போட்டோ எடுத்து, வெளியே பெயர் எழுதுங்கள். எந்தப் படி ஆடியது, எத்தனை தொன்னை மிஞ்சியது, எந்தப் பொம்மைக்கு ஒட்டு வேலை பாக்கி என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருக்கட்டும்.

மரப்பாச்சித் தம்பதியைக் கடைசியாக, மேலாக வையுங்கள். அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு வர வேண்டியவர்கள் அவர்கள்தான்.