பத்து கிலோ குறைத்தாச்சு, இனி தண்ணீர் கேனைத் தூக்குவோம்

76-இல் ஆரம்பித்து 66-க்கு வர எனக்குப் பத்து மாதம் பிடித்தது. அந்த எண்ணைப் பார்த்த அன்று காலை, நம்ப முடியாமல் எடை மெஷினில் இரண்டு தடவை இறங்கி ஏறினேன். அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "என்னடி இப்படி இளைச்சுட்ட, சுகர் கிகர் வந்துடுச்சா?" என்று கேட்டார். அதைக்கூட விட்டுவிடலாம். கேன் போடும் தம்பி 20 லிட்டர் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைச் சமையலறைக்குக் கொண்டுபோக முடியாமல், மகன் ஸ்கூலிலிருந்து வரும்வரை குடத்துத் தண்ணீரில் ஓட்டினேன். குண்டாக இருந்தபோது மூச்சு வாங்கினாலும் தூக்கிவிடுவேன்!

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, கூடவே கொஞ்சம் தசையும் போகும். என்னைப் போல வெறும் நடை, அரைவயிறு சாப்பாடு என்றே குறைத்தவர்களுக்கு இன்னும் அதிகமாகப் போகும். அதனால் அடுத்த இலக்கைக் கிலோவில் வைக்காதீர்கள், உடம்பு எதைச் செய்ய வேண்டும் என்பதில் வையுங்கள். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சுகர், பிரஷர் மாத்திரை போடுபவர்கள் புதிதாக எதையும் தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். பத்து கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டினாலோ, சாப்பாட்டுக்கு முன் கை நடுங்கி வியர்த்தாலோ தள்ளிப்போடாதீர்கள். முதுகுவலி, குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள் எடை தூக்குவதைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 1: இரண்டு, மூன்று வாரம் அப்படியே நில்லுங்கள்

இன்னும் இரண்டு கிலோ குறைத்துவிட்டால் என்ன என்று கை பரபரக்கும். வேண்டாம். 66-க்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது 65 முதல் 67.5 வரை. தினமும் பார்த்தாலும் வாரச் சராசரியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர்தான், நாலு நாளில் இறங்கிவிடும்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் பழைய அளவுக்குப் போகக்கூடாது. இளைத்த உடம்புக்கு முன்பு போல எரிபொருள் தேவையில்லை. அதே தெருவை அதே வேகத்தில் சுற்றினாலும் இப்போது செலவாகும் கலோரி குறைவு. குறைத்த எடை பலருக்கும் சத்தமில்லாமல் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

(ஜாக்கெட்டையெல்லாம் இந்த வாரமே டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டாம். தோளும் கையும் இனிமேல் கொஞ்சம் மாறும்.)

படி 2: இன்றைய கணக்கை எழுதுங்கள்

டெய்லர் டேப் ஒன்று, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று, போனில் ஸ்டாப்வாட்ச். இவ்வளவு போதும்.

இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது என்பது கணக்கு. எனக்கு 84 இருந்தது. எடை குறைந்தும் வயிறு அவ்வளவாக மசியவில்லை!

நாற்காலி: கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? எனக்கு 11 வந்தது. 43 வயதுக்கு இது ரொம்பக் கம்மி.

தண்டால்: தரையில் வேண்டாம், சமையல் மேடை விளிம்பைப் பிடித்து. ஆறாவதில் கை நடுங்கியது.

நடை: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்? எனக்கு 11. இதில் மட்டும் பாஸ்.

படி 3: ஒரே ஒரு இலக்கு

"ஃபிட் ஆகணும்" என்பது இலக்கே இல்லை. நாள் குறித்து, முடிந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். அன்றாட வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற காரியமாக இருந்தால் இன்னும் நல்லது. பழனியின் 693 படிகளையும் உட்காராமல் ஏறுவது, திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்துவிட்டு மறுநாள் நொண்டாமல் வேலைக்குப் போவது, பேத்தியைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைப்பது. மேலே எழுதிய கணக்கில் எது மட்டமாக இருக்கிறதோ, அதைச் சரிசெய்கிற இலக்கை எடுங்கள். நடை எனக்கு ஏற்கெனவே வரும், கைகாலில்தான் வலுவில்லை. அதனால் தண்ணீர் கேனைத் தேர்ந்தெடுத்தேன்.

படி 4: பன்னிரண்டு வாரத்துக்குப் பிரியுங்கள்

இதற்கு டம்பெல் வாங்க வேண்டாம், கேனே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, காலி கேன் ஒரு கிலோகூட வராது. முதல் வாரம் 9 லிட்டர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். பிறகு வாரம் ஒரு லிட்டர் கூட்டினால் 12-ஆம் வாரம் 20 வந்துவிடும்.

முதல் நான்கு வாரம் கேனை முக்காலி மேல் வைத்துத் தூக்குங்கள், தரையிலிருந்து வேண்டாம். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்று, பின்னால் நாற்காலி இருப்பதுபோல இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலை மடக்குங்கள். ஒரு கை கேனின் கழுத்தில், ஒரு கை அடியில். கேன் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், விலகினால் பாரம் முழுக்க முதுகுக்குப் போய்விடும். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். அரைக்கேனில் தண்ணீர் தளும்பி ஆளைப் பக்கவாட்டில் இழுக்கும், அதனால் அவசரப்படக்கூடாது. ஐந்து தடவை தூக்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, இப்படி மூன்று சுற்று.

கூடவே நாற்காலியிலிருந்து எழுவது எட்டு, மேடைத் தண்டால் ஐந்து, அதுவும் மூன்று சுற்று. எல்லாம் சேர்த்து அரைமணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் விளக்கு தேய்க்கிற நாள், அதனால் திங்களும் வியாழனும் வைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் நடை, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

14 லிட்டரில் எனக்கு மூன்று வாரம் சிக்கிக்கொண்டது. கடைசிச் சுற்றில் முதுகு வளைந்தால் அந்த வாரம் கூட்டக்கூடாது என்று நானே வைத்த விதி. காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் இரண்டு லிட்டர் குறைத்துத் தொடங்குங்கள். தசையில் வலி இரண்டு நாளில் அடங்கினால் கவலையில்லை. மூட்டில் குத்தினாலோ கால்வரை வலி இறங்கினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

படி 5: தட்டில் புரதம்

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கில் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம், 66 கிலோவுக்குச் சுமார் 55 கிராம். எடை தூக்குபவர்களுக்கு 1.2 கிராம் வரை தேவைப்படும், அதாவது கிட்டத்தட்ட 80. நாலு இட்லி சட்னியை வைத்து இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. ஒரு முட்டைக்கு 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் அளவு, 100 கிராம் பனீரில் 18 கிராம். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராம் எடுத்தால் 25 கிராமுக்கு மேல் கிடைக்கும், விலையும் குறைவு. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

படி 6: தினசரி காலண்டரில் எழுதுங்கள்

ஆப் எதுவும் எனக்குச் சரிப்படவில்லை. கிழிக்கிற காலண்டர் தாளின் மூலையில் லிட்டர், சுற்று இரண்டையும் எழுதி, தாள்களை அஞ்சறைப்பெட்டி அடியில் சேர்த்தேன். மாதம் ஒருமுறை படி 2-இல் செய்ததை மறுபடி செய்து பாருங்கள். நாற்காலிக் கணக்கு எனக்கு 11-இலிருந்து 17 ஆனது, இடுப்பு 84-இலிருந்து 81. எடை அதே 66.

14-ஆம் வாரம் கேன் வந்தது. "உள்ள வைக்கட்டுமாக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார். வாசலிலேயே வைக்கச் சொன்னேன்.

அடுத்தது கிரிவலம். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 5 கிலோமீட்டர். நடுவில் ஒரு நாள் 'நடப்போம் நலம் பெறுவோம்' 8 கிலோமீட்டர் பாதையில் ஒத்திகை பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய பாதை அது, செலவும் கிடையாது. அதற்குள் ஒரு நல்ல செருப்பு வாங்க வேண்டும்.